கதவில் நின்றவள்

கணக்கு வாத்தியாரின் சிவப்புக் காரில், இடதுபக்கக் கதவில், பெயின்டரின் மனைவி ஆறு வருடமாக நின்றுகொண்டிருந்தாள். கடைசிக் கோட்டிங் ஈரமாக இருக்கும்போது எதிரே யாரும் நிற்கக் கூடாது, தூசி ஒட்டும் என்பது பட்டறைச் சட்டம். இந்த வண்டிக்குப் பெயின்ட் அடித்த அன்று சாப்பாடு கொண்டுவந்தவள் அந்தப் பளபளப்பில் கொண்டையைச் சரிசெய்துகொண்டே, "ஊர்ல உள்ள வண்டியெல்லாம் மினுக்குறீங்க, ஒரு நாளாவது என்னை ஒண்ணுல ஏத்தியிருக்கீங்களா?" என்றாள். "ஞாயித்துக்கிழமை பார்ப்போம்" என்றார் பெயின்டர். அவள் கிளம்பிப் போனாள், பிம்பம் போகவில்லை. திரும்ப அடித்துத் தருகிறேன் என்றவரிடம், இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் வாத்தியார். நான்கு மாதம் கழித்து அவள் காய்ச்சலில் இறந்தாள். அதுவரை பதினாறு ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போயிருந்தன. அதன்பின் வாத்தியார் மாதமொருமுறை, இல்லாத கீறலைக் காட்டி வண்டியைப் பட்டறையில் விட்டுப் போவார். பெயின்டர் நாள் முழுக்கக் கதவைத் துடைப்பார். இருவரும் அதுபற்றிப் பேசிக்கொண்டதில்லை.

செய்தி கலைக்கூடத்துக்கு எட்டியது. இயக்குநர் நான்கு நிபுணர்களோடு வந்து, காரும் கலையும் சந்திக்கும் இடம் இதுதான் என்று ஆகாயத்தைக் காட்டிச் சொன்னார். கார் நின்றது தரையில். வெயிலில் அவள் முகம் வெளுத்துவருவதைப் பெயின்டர் கவனித்திருந்தார். அந்தப் பயத்தில், கதவைக் கலைக்கூடத்துக்குக் கொடுக்கத் தலையாட்டினார். வாத்தியாரும் மறுக்கவில்லை. கதவு கழற்றப்பட்டு ஏசி அறையில் மாட்டப்பட்டது. "பெயரற்ற பெண்: உலோகத்தின் மேல் கலப்பு ஊடகம்" என்று அட்டை வைத்தார்கள். பெயரை விசாரிக்கும் சிரமத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் அவள் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள். அந்த முதுகைப் பற்றி நாற்பது பக்கக் கட்டுரை வெளிவந்தது. பெயின்டர் டிக்கெட் வாங்கி, வரிசையில் நின்று பார்த்தார். இருபது வருடம் வீட்டில் பார்த்த முதுகுதான்.

"கோபம் சார், வேற ஒண்ணுமில்ல" என்றார் இயக்குநரிடம். "வண்டியில போகணும்ங்கிறா."

"வெயில்ல அழிஞ்சுபோயிடும்ப்பா!"

"போகட்டும் சார். நிக்க வச்சது போதும்."

கதவு காருக்குத் திரும்பியது. அந்த ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் ஓட்ட, உள்ளே உட்கார்ந்தால் அவளைப் பார்க்க முடியாதென்பதால் பெயின்டர் சைக்கிளில் பக்கத்திலேயே மிதித்தார். இரண்டாவது திருப்பத்தில் அவள் முகம் காட்டினாள். காற்றில் கொண்டை அவிழ்ந்தது. அவள் அதைச் சரிசெய்யவில்லை. இப்போது எல்லா ஞாயிறும் போகிறார்கள், வாரத்துக்கு வாரம் அவள் கொஞ்சம் வெளுக்கிறாள். கலைக்கூடத்தில் அட்டையை எடுக்க மறந்துவிட்டார்கள். வெற்றுச் சுவருக்கும் கூட்டம் வருகிறது. சந்திப்பில் நிற்கும் போக்குவரத்துக் காவலர் மட்டும் முதல் வாரம் இருவரையும் நிறுத்தினார். கதவையும் சைக்கிளையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அக்கா முகத்துல வெயில் அடிக்குது பாருங்க. நிழல் பக்கமா ஓட்டுங்க சார்" என்று சொல்லி, கையை அசைத்து வழிவிட்டார்.