தீனிப்பண்டாரம்

பல்லாரட்டுக்கு வெளியே, ஆடுகளுக்கு ரோமம் கத்தரித்த பழைய கொட்டகையில்தான் ஒவ்வொரு குளிர்காலமும் எங்கள் சங்கம் கூடும். அவரவர் வீட்டில் கம்பி சுற்றிச் செய்த டெஸ்லா காயில்களைக் கொண்டுவந்து செயற்கை மின்னல் விடுவோம். குறைந்த மின்சாரத்தில் நீளமான மின்னல் விடுபவருக்குக் கேடயம். அது எப்போதும் தலைவர் கிளைவுக்கே போகும்.

"லினெட், உன் தீனிப்பண்டாரத்தை மாட்டு. ஊரே இருண்டு போகட்டும்" என்பார். என் காயில் மின்சாரத்தை விழுங்குகிறதாம். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பிறகு வீட்டுக்குப் போய்ப் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவுவேன்.

கோளாறு அவர் அளக்கும் முறையில் இருந்தது. ஆம்பியர் காட்டும் டாங் டெஸ்டரால் வயரைக் கவ்விப் பிடித்து, ஆம்பியரை வோல்ட்டால் பெருக்கி, இவ்வளவு வாட் என்று அறிவித்துவிடுவார். காயிலோ வாங்கும் கரண்டில் ஒரு பங்கைச் செலவழிக்காமல் திருப்பி அனுப்பும். டெஸ்டர் அதையும் சேர்த்தே காட்டும். அவருடைய காயில் பெட்டிக்குள் ஒளிந்திருந்த கண்டன்சர்கள், அதாவது மின்தேக்கிகள், அந்தப் பங்கை லைனுக்குப் போகவிடாமல் பிடித்துக்கொள்ளும். ஆம்பியர் குறையும், வாட் குறையாது. எனக்கு அவை இல்லை. உண்மையான வாட் மீட்டரால் அளக்கலாம் என்று கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன்.

இந்த வருடம் நானும் கண்டன்சர் கொண்டுபோனேன். ஒளிக்காமல் மேசைமேல் வைத்தேன்.

முதலில் அவை இல்லாமல் மின்னல் விட்டேன். பன்னிரண்டு ஆம்பியர். பிறகு கண்டன்சர் சுவிட்சைப் போட்டேன். மின்னல் அதே நீளம். டெஸ்டர் ஆறுக்கு இறங்கியது.

"அடேங்கப்பா! அப்ப கேடயம் இவளுக்குத்தானே?" என்றாள், சாஸேஜ் ரொட்டியும் கையுமாக நின்ற சங்க உறுப்பினர் டோரீன்.

கிளைவின் காது சிவந்தது. "அதெப்படி? ஆம்பியர்தான் இறங்கியிருக்கு. வாட் அப்படியேதான் இருக்கும். இது ஏமாத்து!"

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க கிளைவ், பின்னாடி கேக்கலையாம்" என்றேன்.

"ஆம்பியரை மட்டும் வச்சு வாட்டைச் சொல்ல முடியா..." பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அப்ப இத்தனை வருஷமா என் பேர்ல எழுதின பன்னிரண்டு?"

டோரீன் அதற்குள் அவர் காயில் பெட்டியைத் திறந்து கண்டன்சர்களைச் சுட்டிக்காட்டினாள். "இதென்ன நண்பா, மதியச் சாப்பாடா?"

சிரிப்பில் கொட்டகை அதிர்ந்தது. என் கார் டிக்கியில் வாட் மீட்டர் தயாராக இருந்தது. இரண்டு காயிலுக்கும் அதில் ஒரே வாட் வைத்து மின்னலின் நீளத்தை அளந்தோம்.

கிளைவ்தான் ஜெயித்தார், ஒரு விரற்கடை வித்தியாசத்தில்.

சுருக்கென்றது. எனக்கு நியாயம் போதும் என்று இத்தனை நாளும் நம்பியிருந்தேன். கேடயமும் வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. கூடவே அந்த ஒரு விரற்கடையை என் காயிலில் எங்கே பிடிக்கலாம் என்பதும் தெரிந்துவிட்டது.

கேடயத்தை அணைத்தபடி கிளைவ் என்னையே பார்த்தார். "தோத்துட்டு எதுக்கு இளிக்கிற?"

"ஒண்ணுமில்ல. நல்லா பிடிச்சுக்கோங்க."