அபின் தின்ற மீன்

அன்று விடிந்ததும் சுக்லானின் படகுக்கு முன்னால் பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள். சீனத்து ஹூமென் துறையில் இருபது வருடமாக மீன் விற்கிறாள்; அவளிடம் யாரும் வரிசையில் நின்றதே கிடையாது. அதிலும் இவர்கள் கன்னம் ஒட்டி, பல் கறுத்து, மீன் முள்ளை எடுக்கக்கூடத் தெம்பில்லாதவர்கள்.

"மடவையா, கொடுவாயா?" என்று கேட்டாள்.

முதலில் நின்ற பள்ளிக்கூட வாத்தியார் வோங் குரலைத் தாழ்த்தினார். "எதுவானாலும் சரிம்மா. அந்த வாய்க்கால் வாயில புடிச்சதா இருக்கணும்."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. வெள்ளைக்காரக் கப்பல்களிலிருந்து பறித்த அபினை, பேரரசரின் ஆட்கள் கரையில் குழி வெட்டி, உப்பும் சுண்ணாம்பும் போட்டுக் கரைத்து, பல நாளாக வாய்க்கால் வழியே கடலில் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்த மீனைத் தின்றால் போதை ஏறுமாம்! அவள் சிரிப்பை விழுங்கிக்கொண்டு விலையை இரண்டு மடங்காக்கினாள்.

உச்சிவெயிலில் அதிகாரி ஃபாங் வந்துவிட்டார்.

"மீனுக்குள்ள அபின் வெச்சுக் கடத்துறியாமே?"

"நான் எங்கய்யா வெச்சேன்? நீங்கதான ஊத்துனீங்க!"

கூட்டம் சிரித்தது. ஃபாங்கின் முகம் சிவந்தது. படகு பறிமுதல், தண்டனையாகக் கழுத்தில் ஒரு மாதம் மரப்பலகை என்றார். படகுதான் அவள் வீடு. சுக்லான் ஒரு மடவையைக் கையில் எடுத்தாள்.

"ஆக்கித் தர்றேன், தின்னு பாருங்கய்யா. மயக்கம் வந்தா மாட்டுங்க பலகைய."

ஃபாங் தான் தின்னத் துணியாமல், காவலன் தாவைக் கைகாட்டினார். இஞ்சி போட்டு அவித்த மடவையைத் தாவ் வழித்துத் தின்றான்; கம்பத்தில் சாய்ந்தான்; குறட்டை விட்டான். வரிசையில் இன்னும் நான்கு பேர் சேர்ந்தார்கள்.

"ஐயோ, மூணு நாளா காவல் நின்ன மனுசன்யா! வெறுங்கஞ்சி குடிச்சாலும் தூங்குவாரு!"

"அப்ப நீயே தின்னு. பொழுது சாயுறவரைக்கும் கண்ணு சொருகாம இருந்தா விட்டுடறேன்."

தின்றாள். நடுச்சாமத்தில் வலை போடப் போனவள். வயிறு நிறைந்தது; படகு தொட்டில்போல ஆடியது; வெயில் இமையை அழுத்தியது. தொடையைக் கிள்ளிக்கொண்டாள். முக்காலி போட்டு உட்கார்ந்த ஃபாங், அவள் கண்களையே உற்றுப் பார்த்தார். வாத்தியாரும் பார்த்தார், மிகுந்த நம்பிக்கையோடு.

வரிசையின் கடைசியில் ஒருவன் கொட்டாவி விட்டான். அது அடுத்தவனுக்குத் தொற்றி, ஆள் ஆளாக முன்னேறி, வாத்தியாரின் வாயைப் பிளந்து, ஃபாங்கின் தாடையையும் மெல்ல நடுங்கவைத்தது. சுக்லான் தனக்கும் வந்த கொட்டாவியைப் பல்லை இறுகக் கடித்து அடக்கினாள். மூக்கு விடைத்தது. இரண்டு கண்களிலும் நீர் முட்டி நின்றது.