ஈரசாக்ஸின் சொத்து

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது நான் யோசித்துக் கண்டுபிடித்த கதை அல்ல. ஒரு சனிக்கிழமை மதியம், என் வலது கையில் இறைச்சிக் குழம்பு ஊற்றிய சில்லி டாக் ரொட்டியும் இடது கையில் டெனிஸின் கைப்பையும் இருந்தபோது, என் கண் முன்னால் நடந்தது. இரண்டு கையும் நிறைந்திருந்ததால் குறிப்பெடுக்க முடியவில்லை. எனவே இதில் வரும் பேச்சில் பாதி என் நினைவு, கால்வாசி டெனிஸ் பிறகு திருத்தியது, மிச்சம் நானாக வைத்தது.

டெனிஸ் வ்ரோபெலுக்கு நாற்பத்து நான்கு வயது. அமெரிக்காவின் டொலீடோ நகரப் பேருந்துப் பணிமனையில் எனக்கு அடுத்த மேசை. எந்த பஸ் எங்கே நிற்கிறது, எந்த டிரைவர் ஏன் தாமதம் என்று நாள் முழுக்க வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டிருப்பது அவள் வேலை. என்னை ‘எழுத்தாளரே’ என்று கூப்பிடுவாள். மரியாதைக்காக அல்ல.

எழுதட்டுமா என்று கேட்டேன். ஒரு நிபந்தனை போட்டாள்.

"எழுதிக்கோ. ஆனா படிச்சிட்டு ஒருத்தரும் என்னை ‘அய்யோ பாவம்’னு சொல்லக் கூடாது. சொன்னாங்கன்னா, உன் ஸ்டேப்ளர் ஜன்னல் வழியாப் பறக்கும்."

2

மூன்று முறை தொடங்கினேன்.

முதல் தொடக்கம்: "மார்ச் மாதத்தின் ஈரக்காற்று மாமீ நதியைத் தாண்டி வந்து நகரத்தின் தோளில்" (இத்தோடு நிறுத்திவிட்டேன். நான் வானிலையில் தொடங்கினால் எனக்குக் கதை இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம்.)

இரண்டாவது: "சின்ன வயதில் டெனிஸுக்குத் தொலைபேசி என்றால் பயம்." இது உண்மை. ஆனால் முதல் வரியிலேயே அய்யோ பாவம் வந்துவிடுகிறது. ஸ்டேப்ளர் எனக்கு வேண்டும்.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்.

3

அந்தப் பெட்டியைப் பார்த்ததும் டெனிஸ் சிரித்துவிட்டாள்.

தீயணைப்புத் தொழிலாளர் சங்க மண்டபத்தில் பழைய வீடியோ கேம் சந்தை. அவள் ஒரு கன்ட்ரோலர் வாங்க வந்தாள். நான் சில்லி டாக்குக்காக வந்தேன். கடைசி வரிசை மேசையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. இதை கேம் பெட்டியின் தலையில் செருகி, இதன் தலையில் விளையாட்டுக் கேசட்டைச் செருக வேண்டும். பக்கத்தில் தொலைபேசி வயர் மாட்ட ஓட்டை. தொண்ணூற்றாறில் இதை மாட்டினால், டிவி முன்னால் உட்கார்ந்தபடியே, ஊரின் இன்னொரு மூலையில் இருக்கும் முகம் தெரியாத யாரோடோ விளையாடலாம். இடையில் வீட்டில் யாராவது போனை எடுத்தால் ஆட்டம் அறுந்துபோகும். அந்தச் சேவை சில வருடங்களில் நின்றுவிட்டது.

"இது வேலை செய்யுமா?" என்றாள் டெனிஸ்.

"செய்யும்ங்க. ஆனா அதுக்குச் செய்ய வேலைதான் இல்ல. அந்தப் பக்கம் போன எடுக்க ஆள் இல்ல பாருங்க."

சொன்னவர் கீத் ஓஸ்ட்ராண்டர். நரைத்த தாடி, காதில் பென்சில். பக்கத்தில் அவர் மனைவி யோலாண்டா, மடியில் குறுக்கெழுத்துப் புத்தகம்.

"அப்புறம் எதுக்கு நாப்பது டாலர்?"

"ஞாபகத்துக்குங்க."

"ஞாபகம் எங்கிட்டயே மூட்டை மூட்டையா கெடக்கு. அதையும் காசு குடுத்து வாங்கணுமா?"

யோலாண்டா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள். "கேட்ட வெலைக்குக் குடுத்திரு கீத். கீழ் ரூம்ல எனக்கு அந்த அலமாரி காலியாகணும். இன்னைக்கு அது நம்ம கூட கார்ல திரும்பி வந்துச்சுன்னா, நீ நடந்துதான் வரணும்."

டெனிஸ் வைத்துவிட்டு நகர்ந்தாள். இரண்டு மேசை தள்ளிப் போய், திரும்பி வந்து எடுத்துப் பார்த்தாள். மறுபடி வைத்தாள். மறுபடி போனாள்.

"வாங்கிடேன்," என்றேன்.

"எங்க வீட்ல லேண்ட்லைனே இல்லய்யா. போன் இல்லாத வீட்டுக்கு போன் பெட்டி வாங்குனா என்னை என்னன்னு சொல்லுவே?"

"எழுத்தாளர்னு சொல்லுவேன்."

அடித்தாள். சில்லி டாக்கிலிருந்து கொஞ்சம் சட்டையில் விழுந்தது.

4

(ஒதுக்கிவைத்த இரண்டாவது தொடக்கத்துக்கு இங்கே இடம் வந்துவிட்டது. சீக்கிரம் சொல்லிவிடுகிறேன்.)

பதினைந்து வயதில் டெனிஸுக்குத் திக்குவாய். நேரில் எப்படியோ சமாளிப்பாள். தொலைபேசியில் ‘ஹலோ’வின் முதல் எழுத்திலேயே நின்றுபோவாள், எதிர்முனை வைத்துவிடும். பீட்சா சொல்லக்கூட அண்ணன்தான் வேண்டும். அந்த வருடம் அண்ணன் வாங்கி, இரண்டே வாரத்தில் அலுத்துப்போய்த் தூக்கிப் போட்ட பெட்டி அவளிடம் வந்தது. அதே தொலைபேசி, அதே வயர். ஆனால் பேச வேண்டாம். ஐஸ் ஹாக்கி ஆடினால் போதும். ஆட்டம் முடிந்ததும் எதிராளிக்கு நாலு வரி தட்டி அனுப்பலாம். அங்கேதான் அவளுக்கு நாக்கு முளைத்தது. அவள் வைத்துக்கொண்ட பெயர் ஊறுகாய்ராணி. பள்ளி விட்டு வந்ததும் நாலு மணிக்குத் தவறாமல் மாட்டும் எதிராளியின் பெயர் ஈரசாக்ஸ்.*

"ஊறுகாய்ராணி, உன் கோல்கீப்பர் தூங்குறானா, செத்துட்டானா?"

"ஈரசாக்ஸ், நாத்தம் வயர் வழியா இங்க வருது. தொவச்சிட்டு வா, அப்புறம் ஆடலாம்."

ஒன்றரை வருடம். குரல் தெரியாது, பெயர் தெரியாது, ஆணா பெண்ணா தெரியாது. உள்ளூர் அழைப்பு மட்டும்தான் என்பதால், இதே ஊரில் எங்கோ இருக்கிற ஆள் என்பது மட்டும் தெரியும்.

இந்த இடத்தில், "அந்தப் பெட்டிதான் அவள் திக்குவாயைக் குணமாக்கியது" என்று எழுதியிருந்தேன். டெனிஸ் அந்த வரியைப் பேனாவால் குத்திக் கிழித்துவிட்டாள்.

"குணமாக்குனது பேச்சுப் பயிற்சி குடுத்த மேடம். மூணு வருஷம் உசிரக் குடுத்தாங்க. பெட்டிக்கு எதுக்கு அந்தப் பேரு?"

"பெட்டி ஒண்ணுமே பண்ணலையா?"

கொஞ்சம் யோசித்தாள். "நான் ஒரு வாயாடின்னு மொதல்ல எனக்குச் சொன்னது அதுதான்."

* ஆங்கிலத்தில் வேறு பெயர்கள். சுவை குன்றாமல் இருக்கத் தமிழாக்கியிருக்கிறேன். ஊறுகாய் என்றால் என்ன என்று டெனிஸ் கேட்டதற்கு எலுமிச்சை ஊறுகாய் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, பெயரை அங்கீகரித்தாள்.

5

என் முதல் வரைவில், கீத் அந்தப் பெட்டியை டிவியில் மாட்டிக் காட்டுகிறார், திரை இருளிலிருந்து ஒளிர, பழைய பெயர் மெல்ல மெல்ல

இல்லை. அப்படி நடக்கவில்லை. நான்காம் முறை திரும்பி வந்த டெனிஸ், பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். அவ்வளவுதான். அடியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ஊதா மை. ‘ஈரசாக்ஸின் சொத்து. தொட்டால் தொலைந்தாய்.’

அவள் முகத்தில் என்ன வந்தது என்று எழுத ஏழு வாக்கியம் முயன்றேன். ஏழையும் எடுத்துவிட்டேன்.

"இத யாருகிட்ட வாங்குனீங்க?" என்றாள்.

"வாங்கலங்க. என்னுதுதான். பதினேழு வயசுல கோடை முழுக்கப் புல்லு வெட்டி வாங்குனது."

"அப்ப... சாக்ஸ தொவச்சிட்டீங்களா?"

யோலாண்டா குனிந்து கணவனின் காலைப் பார்த்தாள். கீத் பார்க்கவில்லை. எழுந்து நின்றார். நாற்காலி பின்னால் மடிந்து விழுந்தது.

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். இவர்கள் பேசிய ஆங்கிலத்தில் ‘நீ’யும் ‘நீங்க’ளும் ஒரே சொல். எந்த வாக்கியத்தில் அந்நியர் நண்பரானார் என்று அந்த மொழி காட்டிக்கொடுக்காது. தமிழில் எழுதும் எனக்குத் தப்பிக்க வழியில்லை. எந்த இடத்தில் ‘ங்க’ உதிர வேண்டும்? மண்டபத்தின் இரைச்சலை, அவர் காதிலிருந்து பென்சில் விழுந்ததை எல்லாம் நினைத்துப் பார்த்து, இங்கேதான் என்று முடிவு செய்தேன்:

"ஊறுகாய்ராணி? நீயா?"

"நான்தான்டா!"

"நீ ஒரு லாரி டிரைவர்னு நெனச்சேன்! நீ திட்டுன திட்டுக்கு!"

"எனக்கு அப்ப பதினஞ்சு வயசு!"

"பதினஞ்சு வயசுப் பொண்ணா என்னைய அந்த அடி அடிச்சுது?" கீத் மனைவி பக்கம் திரும்பினார். "யோலாண்டா, நான் சொல்லுவேன்ல, நான் சொல்லுவேன்ல!"

"நீ சொன்னது லாரி டிரைவர்," என்றாள் யோலாண்டா.

டெனிஸ் பர்ஸுக்குக் கை நீட்டினாள். பர்ஸ் இருந்த பை என்னிடம். "எழுத்தாளரே, எடு அந்த நாப்பத."

கீத் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். "இது விக்கிறதுக்கில்ல."

"இப்பதான் நாப்பதுன்னே!"

"அது உன்னைத் தெரியறதுக்கு முன்னாடி."

"ஞாபகத்துக்குன்னு நீதானே சொன்னே?"

"ஆமா. இப்பதான் எனக்கே ஞாபகம் வந்திருக்கு, அதுக்குள்ள புடுங்குறியே!"

6

நம்ப முடியவில்லை என்கிறீர்களா? என் மனைவியும் அதையே சொன்னாள். ஆனால் யோசித்துப் பாருங்கள். உள்ளூர் அழைப்புக்குள் அடங்கும் ஊர். அதில் அந்தப் பெட்டி வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர். அவர்களில் இன்னும் பழைய விளையாட்டு மேல் ஆசை விடாதவர்கள் அதைவிடக் கொஞ்சம். அவர்கள் எல்லோரும் வருடத்தில் ஒரு நாள் வருகிற மண்டபம் ஒன்றே ஒன்று. இவ்வளவு வருடம் சந்திக்காமல் இருந்ததுதான் எனக்கு ஆச்சரியம்.

யாருக்குப் பெட்டி என்று ஆடித் தீர்த்துக்கொள்வது என்று முடிவானது. மண்டபத்தின் நடுவே யாரோ ஆட வைத்திருந்த டிவியில் அதே ஐஸ் ஹாக்கி, இரண்டு கன்ட்ரோலர். இரண்டு மடக்கு நாற்காலியில் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது: இரண்டு வீட்டை இணைக்கத்தான் அந்தப் பெட்டி. இருவரும் ஒரே டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டால் அதற்கு இங்கே வேலையே இல்லை. அது மேசையிலேயே கிடந்தது.

அன்று தட்டச்சு செய்ததை டெனிஸ் இன்று வாய்விட்டுச் சொன்னாள்.

"உன் ஆளு என்ன, ஐஸ் மேல கோலம் போடுறானா?"**

"ஏய், முழங்கையால இடிக்காத! போன்ல இந்த வசதி இல்ல!"

"உன் கோல்கீப்பர் எங்க? டீ குடிக்கப் போயிட்டானா?"

கூட்டம் கூடிவிட்டது. முதல் ஆட்டம் அவளுக்கு. இரண்டாவது அவருக்கு. மூன்றாவதின் நடுவில் கீத் திடீரென்று சொன்னார்: "உன் குரல் இப்படி இருக்கும்னு நான் நெனச்சதே இல்ல."

டெனிஸ் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எப்படி இருக்கும்னு நெனச்சே?"

"லாரி மாதிரி."

அவள் சிரித்த சிரிப்பில் கன்ட்ரோலர் கை நழுவியது. அவர் கோல் போட்டார். கள்ள ஆட்டம் என்று அவள் கத்தினாள். கூட்டமும் கத்தியது. மூன்றாவது ஆட்டம் எத்தனைக்கு எத்தனை என்று அதற்குப் பிறகு யாரும் எண்ணவில்லை.

 ** ஐஸ் மேல் கோலம் போடுவதாக அவள் சொல்லவில்லை. அவள் சொன்னதை அச்சிட முடியாது.

7

மேசைக்குத் திரும்பியபோது பெட்டி இல்லை.

யோலாண்டா முகமெல்லாம் பூரிப்பு. "வித்துட்டேன்! பேரமே இல்ல, சொன்ன வெலைக்கு! கீத், இனிமே அந்த அலமாரில நான் ஜாம் பாட்டில் அடுக்கப் போறேன்."

கீத் வாயைத் திறந்தார். டெனிஸ் வாயைத் திறந்தாள். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரிக்கத் தொடங்கினார்கள். யோலாண்டா ஒன்றும் புரியாமல், "என்ன? என்ன பண்ணேன்? நீங்கதான் வெளையாடப் போயிட்டீங்களே!" என்றாள்.

"யாரு வாங்குனது?" என்றேன் நான்.

"மஞ்ச மழைக்கோட்டு. இப்பதான் வெளிய போனாரு."

ஓடினார்கள். நாற்பத்து நான்கும் நாற்பத்து ஆறும். வெளியே கார் நிறுத்தத்தில் நல்ல மழை. "மஞ்ச கோட்டு! ஹலோ! ஹலோ, மஞ்ச கோட்டு!" என்று டெனிஸ் கத்தினாள். பை இன்னும் என் கையில்தான். நானும் ஓடினேன்.

8

இனி முடிவு. கைவசம் சில இருக்கின்றன.

அ. கார் போய்விட்டது. (யாரும் ‘அய்யோ பாவம்’ என்று சொல்லலாம். எனவே இல்லை.)

ஆ. மழைக்கோட்டுக்காரரும் அந்தக் காலத்தில் இவர்களோடு ஆடியவர். (ஒரு கதைக்கு ஒரு தற்செயல்தான் ரேஷன்.)

இ. நடந்தது: பிடித்துவிட்டார்கள். ஒரு நீல வேன். கண்ணாடி இறங்கியது. இரண்டு பேரும் மூச்சு வாங்க ஒரே நேரத்தில் மொத்தக் கதையையும் சொன்னார்கள். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு பக்கத்து இருக்கையிலிருந்து பெட்டியை எடுத்தார்.

"எனக்கு இது என்னன்னே தெரியாதுங்க. பக்கத்துல இருக்குற இந்த ஓட்டை பாக்கப் புடிச்சிருந்துச்சு, வாங்கிட்டேன். போட்ட காசு வந்தாப் போதும். யாருக்கு வேணும்?"

"அவளுக்கு," என்றார் கீத்.

"அவனுக்கு," என்றாள் டெனிஸ்.

"உன்னோட பேரு ஒட்டியிருக்குடா."

"நீதானே நாலு தடவ திரும்பி வந்தே?"

"எங்க வீட்ல போனே இல்ல!"

"எங்க வீட்ல அலமாரியே இல்ல!"

மழைக்கோட்டுக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சீக்கிரம் சொல்லுங்கப்பா. சீட்டு நனையுது."

பிறகு நடந்தது எனக்குத் தெரியும், அருகில்தான் நின்றேன். அதை மட்டும் எழுத மாட்டேன். அந்த வேனின் இருக்கையை உங்களுக்கு விட்டுத் தருகிறேன். மஞ்சள் கோட்டுப் போட்டிருக்கிறீர்கள், முழங்கை வரை மழை அடிக்கிறது, கையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. வெளியே தலை முதல் கால் வரை நனைந்த இரண்டு பேர், ஒருவரை ஒருவர் கைகாட்டிச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

நீட்டுங்கள்.