வேலைக்குப் போகாத டப்பா

பக்கத்து வீட்டு மருந்தடிக்காரர் காலையில் வேலைக்குக் கிளம்பியபோது கையில் டப்பா இல்லை. எனக்கு அப்போதே மூக்கு வேர்த்துவிட்டது.

சாதாரண டப்பா இல்லை அது. முந்தின நாள் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பெண் வந்து கொடுத்துவிட்டுப் போனது. பழத்தோட்டங்களில் பூச்சிமருந்து அடிப்பவர்களின் உடம்புக்குள் எவ்வளவு மருந்து போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது என்று அளக்கிறார்களாம். ஒரு முழு நாளின் சிறுநீரைச் சொட்டு விடாமல் அதில் பிடித்துவைக்க வேண்டும். தோட்டத்துக்கும் கூடவே கொண்டுபோக வேண்டும். இதெல்லாம் நான் ஒட்டுக்கேட்டதில்லை. நடுச்சுவரைக் கட்டினவர் செங்கலில் கஞ்சத்தனம் காட்டியதற்கு நான் என்ன செய்வது?

பின்கட்டும் துணிக்கொடியும் இரண்டு வீட்டுக்கும் பொது. தூறல் விழுந்தால் எல்லாவற்றையும் முதலில் அள்ளிவருபவள் நான்தான். அன்று காய்ந்த துணியையே மறுபடி உதறிக்கொண்டு நின்றபோது, கைக்குழந்தையை இடுப்பில் இடுக்கியபடி மருந்தடிக்காரர் மனைவி டப்பாவோடு கழிப்பறைக்குள் போனாள். வெளியே வந்தவள் என்னைப் பார்த்ததும் வெளிறிப்போனாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா."

"என் வாயைப் பத்தி உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதான் சொல்றேன்."

அளவு கூடுதலாக வந்தால், உடம்பு கெட்ட ஆள் என்று முதலாளி வேலையிலிருந்து நிறுத்திவிடுவார் என்று அவள் வீட்டுக்காரருக்குப் பயம். வீட்டோடு கிடக்கிறவள் உடம்பில் என்ன இருந்துவிடப்போகிறது என்று டப்பாவை இவளிடம் ஒப்படைத்துவிட்டார். எனக்கும் அது கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது. யாருமே வேண்டாமென்று விடுகிற ஒன்றை ஒருத்தி வீடு தேடி வந்து வாங்கிப்போகிறாள் என்றால், உள்ளே ஏதாவது இல்லாமலா இருக்கும்?

சில வாரம் கழித்து டப்பாக்காரி மறுபடி வந்தாள். எனக்கு உடனே ஊசி நூல் இரவல் தேவைப்பட்டது. உள்ளே போய் ஓரமாக உட்கார்ந்தேன். மருந்தடிக்காரர் நாற்காலி நுனியில் இருந்தார். மனைவி சுவரோரம் திரும்பிக் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"முகமூடி, கையுறை எல்லாம் போட்டுக்கிறீங்கதானே?" என்றாள் டப்பாக்காரி.

"வீடு திரும்புற வரைக்கும் கழட்டறதே இல்ல மேடம்."

"அப்புறம் எப்படி? உங்ககூட மருந்து அடிக்கிற எல்லாரையும் விட உங்களுக்குத்தான் அதிகமா வந்திருக்கு. பல மடங்கு."

அவர் சிரிக்கப் பார்த்தார். "மெஷின் கோளாறா இருக்கும்."

"திரும்ப அளந்து பார்த்துட்டுத்தான் வந்தேன்." பின்வாசல் வழியே கொடியைப் பார்த்தாள். "உங்க வேலைத்துணிய யார் துவைக்கிறாங்க?"

அவர் நான்தான் போட்டுக்கொடுத்துவிட்டேன் என்பதுபோல் என்னை முறைத்தார். ஒருவர் வாயைத் திறக்காததற்கும் முறைப்பு வாங்க முடியும் என்பதை அன்றுதான் கண்டேன். அந்த அழுக்குச் சட்டையை அவர் மனைவி தினமும் கையை முழங்கை வரை நுரைக்குள் விட்டுக் கசக்குவதை இந்தக் கொல்லையே பார்த்திருக்கிறது. சட்டையிலிருந்து வரும் நெடியில் எனக்குத் தும்மல் வரும். அவள் வெறும் கையால் அதைப் பிழிந்தபடி சிரிப்பாள்.

இப்போது அவள் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழந்தையின் வாயை மெதுவாக மார்பிலிருந்து விலக்கினாள். அது வீறிட்டது. எழுந்து வந்து என் மடியில் போட்டாள்.

"மேடம், அது பால்லயும் போகுமா?"

"சும்மா இரு," என்றார் அவர்.

டப்பாக்காரி அவரைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "யாரோட பால்ல?"

வெளியே தூறல் விழ ஆரம்பித்தது. குழந்தை என் விரலைப் பிடித்துச் சப்பப் பார்த்தது, வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். துணியை எடுக்க நானும் போகவில்லை, அவளும் போகவில்லை. மேல்கொடியில் வேலைச்சட்டை கனத்துத் தொங்கியது. அதன் கைகளிலிருந்து, கீழ்க்கொடியில் வரிசையாய்க் காய்ந்த குட்டிச் சட்டைகளின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.