சிவப்பு மையில் முல்விகில்

ஊர்வலக் கமிட்டிக்கு வரும் மனுக்களை நம்பினால், அயர்லாந்திலிருந்து சாதாரண மனிதன் ஒருவன்கூடக் கப்பல் ஏறியதில்லை. வந்தவன் எல்லாம் தூக்குக் கயிற்றுக்குத் தப்பியவன், அல்லது ஜமீன்தாரைச் சுட்டுக் குறி தவறியவன், அதுவும் இல்லையென்றால் ஏதோ ஒரு குறுநில மன்னனுக்குப் பதினெட்டாவது பேரன். இத்தனை சூரர்கள் ஊரிலிருந்தும் இங்கிலாந்துக்காரன் எப்படி எழுநூறு வருஷம் உட்கார்ந்து தின்றான் என்பதுதான் ரோசலீன் டார்ப்பிக்குப் புரியவில்லை.

இருபத்திரண்டு வருஷமாக அவள் கையெழுத்து இல்லாமல் அந்த மில் நகரத்தில் ஊர்வலத் தலைவர் பதவிக்கு ஒரு பெயரும் ஓட்டுக்குப் போனதில்லை. பாஸ்டனுக்கு மேற்கே ஒரு மணி ரயில் தூரத்தில் இருக்கும் ஊர். அயர்லாந்துக்காரர்களின் திருநாளான புனித பேட்ரிக் நாளன்று பட்டுத் தொப்பியும் பச்சைப் பட்டையுமாக ஊர்வலத்துக்கு முன்னால் நடக்கிறவர் தன் முன்னோர் எந்தக் கிராமத்திலிருந்து எப்போது வந்தார் என்று தாளோடு காட்ட வேண்டும். அதைச் சரிபார்ப்பது ரோசலீன். கோர்ட் குமாஸ்தாவாக ஓய்வு பெற்றவள். பொய்யை மோந்து பார்த்தே தரம் பிரிப்பாள்.

இந்த வருஷம் மனுப் போட்டவர் ஒரே ஒருவர், ஹியூ முல்விகில். மூன்று சலவைக் கடைகளுக்கு முதலாளி, எழுபது வயது. இரண்டு முறை மனுப் போட்டு, காட்டத் தாள் இல்லாமல் திரும்பிப் போனவர். இந்த மார்ச்சில் அந்தத் தொப்பியைத் தலையில் வைக்காவிட்டால் செத்தாலும் கண் மூடாது என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மனுவோடு ஒரு ஜெராக்ஸைப் பெரிதாக்கிக் கண்ணாடிச் சட்டமும் போட்டு, நூலகத்தின் அடித்தளத்தில் ரோசலீன் வேலை செய்யும் மேஜைக்கே தூக்கிக்கொண்டு வந்தார்.

"பாத்தியா ரோசலீன்? டப்ளின் நில மதிப்பீட்டு ஆபீஸ் புஸ்தகம். கெர்ரி ஜில்லா, குமீன் கிராமம். பன்னெண்டு ஏக்கர். மேல என் கொள்ளுத்தாத்தா பேரு, குறுக்க ஒரு கோடு. கீழ கல்ஹேன்னு எவனோ ஒருத்தன், அவனையும் பின்னால அடிச்சிருக்கு. எங்க கொள்ளுத்தாத்தனை வெளிய தள்ளிட்டு அந்தத் திருட்டுப்பய உக்காந்துட்டான்!"

இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். நீ, நான் என்றுதான் பேச்சு.

"இதைச் சட்டம் போட்டு எங்கேப்பா மாட்டுறதா உத்தேசம்?"

"நம்ம அயர்லாந்துச் சங்க ஹால்ல. அடியில பித்தளைத் தகடு வேற. 'நிலத்துக்காக ரத்தம் சிந்திய முல்விகில்'னு."

"ரத்தம் எதுல இருக்கு?"

"அது... இல்லாமயா இருக்கும்? வெளிய தள்ளும்போது முத்தமா குடுத்திருப்பான்?"

ரோசலீன் சிரிக்கவில்லை. மட்டமான சரக்குக்கு ஏற்றமாக விலை சொல்கிறவனிடம் சிரிக்கக் கூடாது, சிரித்தால் பேரம் படிந்துவிட்டதாக எடுத்துக்கொள்வான்.

அந்தப் புத்தகங்களின் பழக்கம் அவளுக்குத் தெரியும். குடியானவன் மாறும்போதெல்லாம் குமாஸ்தா பழைய பெயரை அடித்துப் புதிய பெயரை எழுதுவான். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு நிற மை. ஓரத்தில் அதே நிறத்தில் வருஷம். கீழே இடம் இல்லாவிட்டால் புதுப் பெயரைப் பழையதற்கு மேலேயே நெருக்கி எழுதுவான். ஜெராக்ஸில் எல்லா மையும் கறுப்பு. மேலிருந்து கீழே படித்தால் வந்தவன் போனவனாகிவிடுவான்.

"கலர்ல வாங்கினியா?"

"எதுக்கு? கறுப்புதான் பழசு மாதிரி அம்சமா இருக்கு."

அவள் டப்ளினுக்கு எழுதிப் போட்டாள். ஐந்து வாரத்தில் வண்ணப் படம் வந்தது. அடியில் கறுப்பு மையில் கல்ஹேன். அதன்மேல் சிவப்புக் கோடு. கோட்டுக்கு மேலே சிவப்பில் முல்விகில்; ஓரத்தில் சிவப்பில் 1882. அந்த முல்விகில் மீது ஒரு பச்சைக் கோடு, 1885. வெளியே தள்ளப்பட்டது கல்ஹேன்; ஐந்து பிள்ளைகளோடு ஒரு விதவை என்று அந்தக் காலத்துப் பத்திரிகை சொன்னது. ஜமீன்தார்களோடு குடியானவர்களின் குத்தகைச் சண்டை உச்சத்தில் இருந்த காலத்தில், அவள் அடுப்புச் சாம்பல் ஆறுவதற்குள் அங்கே போய் உட்கார்ந்தது முல்விகில்.

அந்தக் கெர்ரிக்காரர்களிடம் 'நிலம் பிடுங்கி' என்பதைவிடக் கேவலமான பெயர் கிடையாது. ஜமீன்தாரைக்கூட மன்னிப்பார்கள், அவன் அந்நியன். பக்கத்து வீட்டுக்காரன் நிலத்தைப் பிடுங்கியவனை மன்னிக்க மாட்டார்கள். டிரலீ நகரத்து அந்தப் பத்திரிகையின் மைக்ரோஃபிலிமை மேலும் சுழற்றியபோது மிச்சமும் கிடைத்தது. முல்விகிலுக்கு எவனும் ரொட்டி விற்கவில்லை. குதிரைக்கு லாடம் அடிக்கவில்லை. தேவாலயத்தில் அவன் உட்கார்ந்த பெஞ்சில் இன்னொருவர் உட்காரவில்லை. மூன்று வருஷம் பல்லைக் கடித்துப் பார்த்துவிட்டுக் கப்பல் ஏறினான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் சங்க ஹாலில் கமிட்டி கூடியது. பன்னிரண்டு பேர். உப்புக்கண்ட மாட்டிறைச்சி சாண்ட்விச், தேநீர், எல்லாம் ஹியூவின் செலவு. கமிட்டித் தலைவர் ஃபின்டன் ட்ரோனி தொண்டையைக் கனைத்தார்.

"மிஸ் டார்ப்பி, கையெழுத்தப் போட்டுட்டீங்கன்னா ஓட்டெடுத்துட்டுச் சாப்பிடலாம்."

"ஏற்கெனவே சாப்பிட்டுக்கிட்டுதான இருக்கீங்க? கையெழுத்துப் போட மாட்டேன்."

வண்ணப் படத்தை மேஜைமேல் வைத்து, எந்த மை எந்த வருஷம் என்று விரல் வைத்துக் காட்டினாள். பத்திரிகைச் செய்தியை ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தாள். கடைசியில் ஹியூவைப் பார்த்துச் சொன்னாள்:

"உன் கொள்ளுத்தாத்தன் இங்கிலாந்துக்காரனுக்குப் பயந்து ஓடி வரல. பக்கத்து வீட்டுக்காரங்களுக்குப் பயந்து ஓடி வந்திருக்கான்."

ஹியூவின் முகம், நிறம் போன சட்டையை வாடிக்கையாளரிடம் நீட்டுகிறவன் முகம் போல ஆனது. "ரோசலீன், இது... அந்தக் குமாஸ்தா குடிச்சுட்டு எழுதியிருப்பான்."

"கோடு நேரா இருக்கு. குடிக்கல."

அப்போதுதான் அந்தக் கூத்து நடந்தது. ஹியூவுக்கு வலது பக்கம் இருந்த கார் வியாபாரி மெதுவாக எழுந்து நாற்காலியை இரண்டடி தள்ளிப் போட்டார். இடது பக்கம் இருந்தவரும் தள்ளினார். பிறகு எல்லோரும். தரை முழுக்கக் கீச்சுச் சத்தம். ஒரு மாட்டை நேரில் பார்த்திராத பன்னிரண்டு பேர், கெர்ரி மலையடிவாரத்துக் குடியானவர்கள் கணக்காக முகத்தை இறுக்கிக்கொண்டு நூற்றுப் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு ஊர்விலக்கு வைத்தார்கள். விலக்கு மனிதருக்குத்தான், சாண்ட்விச்சுக்கு இல்லை. தள்ளிப் போட்ட நாற்காலியிலிருந்து எட்டி எட்டி எடுத்தார்கள்.

"நிலம் பிடுங்கி!" என்றார் ட்ரோனி, வாயில் ரொட்டியோடு.

ரோசலீனுக்கு ஹியூ மீது இருந்த இளக்காரம் அந்த நிமிஷம் இடம் மாறியது. குறைந்தபட்சம் அந்த ஆள் தன் பொய்யைத் தானே நம்பினார்.

"ரொம்ப நல்லது," என்றாள். "இனிமே கலர் படம் இல்லாம எவரையும் விடுறதா இல்ல. முதல்ல கமிட்டியிலேருந்தே ஆரம்பிக்கிறேன். ட்ரோனி ஐயா, உங்க தாத்தா போலீஸைச் சுட்டுட்டு வந்தாரா, இல்ல போலீஸாவே இருந்தாரா? பாத்துடுவோமே. நாளைக்கே டப்ளினுக்குப் பன்னெண்டு கடுதாசி போடுறேன்."

மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன.

"அது எதுக்கு மிஸ் டார்ப்பி, செத்தவங்களப் போய்..."

"ஒரு நிமிஷம் முன்னாடி வரைக்கும் செத்தவர் உயிரோடதான இருந்தார்? நாற்காலியெல்லாம் நகந்துச்சே?"

கார் வியாபாரிதான் முதலில் சுதாரித்தார். சந்தையில் விலை சரியப்போவதை அவர் மூக்கு முதலில் அறியும். "எனக்கு ஒண்ணு தோணுது. இந்தத் தாள் காட்டுற சட்டமே பழசு. மனுஷனோட மனசுதான அயர்லாந்து? தாள்லயா இருக்கு?"

"அருமையாச் சொன்னே," என்றார் ட்ரோனி.

இரண்டே நிமிஷத்தில் விதி நீக்கப்பட்டது. கையை உயர்த்தாதவர் ரோசலீன் ஒருத்திதான். அதே மூச்சில் ஹியூ முல்விகில் ஊர்வலத் தலைவராகத் தேர்வானார், எதிர்ப்பே இல்லாமல். நாற்காலிகள் மறுபடியும் கீச்சிட்டு நெருங்கின. ட்ரோனி அவர் முதுகைத் தட்டி, "வீரப் பரம்பரைடா!" என்றார். வெட்கமே இல்லாமல் எல்லோரும் கை தட்டினார்கள்.

ரோசலீன் கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். பின்னால் மூச்சு வாங்க ஓடி வந்தார் ஹியூ. தலையில் அதற்குள் அந்தப் பட்டுத் தொப்பி. அளவு பெரிது, காது வரை இறங்கியிருந்தது.

"ரோசலீன், நில்லு. அந்த விதவை... கல்ஹேன் பொம்பளை. அவளும் பிள்ளைங்களும் அப்புறம் என்ன ஆனாங்க?"

இத்தனை வருஷத்தில் அவளிடம் தன் தாத்தனை விட்டுவிட்டு அடுத்தவனைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் அவர். ஒரு கணம் அவள் முகம் இளகியது.

"தேடித் தரேன். ஆறு வாரம் ஆகும்."

"ஐயய்யோ, அவ்வளவு விவரம் வேணாம்," என்றார் ஹியூ, தொப்பியை நெற்றிக்கு மேலே தள்ளிக்கொண்டு. "அவங்க வாரிசு யாராச்சும் இந்த ஊர்ல இருக்காங்களான்னு மட்டும் சொல்லு போதும். ஊர்வலத்தன்னிக்கு வந்து நின்னு கத்தப் போறாங்க."

ரோசலீன் அவரை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள்.

"இருக்காங்க," என்றாள். "நெறைய."

அவள் இன்னும் தேடவே இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் ஆதாரம் இல்லாமல் அவள் சொன்ன ஒரே சேதி அதுதான்.