ஆசேரின் கல் அணைந்த வருஷம்

எருசலேமில் ஆசேர் கோத்திரத்தின் கல் அணைந்தது ஒலிவம்பழம் நன்றாகக் காய்த்த ஒரு வருஷத்தில். பிரதான ஆசாரியரின் மார்ப்பதக்கத்தில் கோத்திரத்துக்கு ஒன்றாகப் பதித்திருந்த பன்னிரண்டு கற்களில் பத்தாவதான படிகப்பச்சை அது. முந்தின நாள் மாலைவரை ஆசேர்காரர்கள் விற்கிற எண்ணெயின் நிறத்தில் உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்தது. காலையில் பெட்டியைத் திறந்தபோது அடுப்புக்கரியாகக் கிடந்தது. மற்ற பதினொன்றும் வழக்கம்போல எரிந்தன. வடக்கே இருந்த கோத்திரங்களை அசீரியர்கள் வாரிக்கொண்டு போய் ஒரு தலைமுறை ஆகியிருந்தது. எந்த ஆற்றங்கரையில் கொண்டுபோய் விட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் கற்கள் எரிகிற வரைக்கும் அவர்களும் எங்கேயோ உயிரோடு இருக்கிறார்கள் என்று நகரத்தார் நிம்மதியாக இருந்தார்கள். தேடிப் போகிற சிரமம் மிச்சமாயிற்று.

அணைந்ததை முதலில் பார்த்தவன் எலியாசாப். லேவி கோத்திரத்து ஆசாரியக் குடும்பத்தில் பிறந்தவன்தான், ஆனால் சிறுவயதில் கோடாலி பட்டு வலதுகையில் ஒரு விரல் போய்விட்டது. உடம்பில் குறை உள்ளவன் பலிபீடத்தின் பக்கம் போகக்கூடாது. அப்படிப்பட்டவர்களை விறகுச் சாலையில் உட்காரவைத்து, புழு அரித்த கட்டைகளைப் பொறுக்கிப் போடச் சொல்வார்கள். எலியாசாப் துணி மடிக்கிற நேர்த்தியைப் பார்த்து அவனை மட்டும் உடுப்பறைக்கு எடுத்துக்கொண்டார்கள். தினமும் காலையில் பிரதான ஆசாரியருக்குச் மெல்லிய சணல்நூல் சட்டை போட்டு, மணி தைத்த நீல அங்கியை மாட்டி, அதன்மேல் ஏபோத் என்ற மேலுடுப்பைக் கட்டி, கடைசியாகப் பதக்கத்தை நீல நாடாவால் வளையங்களில் முடிந்துவிடுவது அவன் வேலை. அன்று அவன் கல்லை ஊதிப் பார்த்தான், துணியால் துடைத்துப் பார்த்தான், எச்சில் தொட்டும் தேய்த்தான். அவன் அத்தனை பாடுபட்டதற்குக் காரணம் கல் இல்லை. அவன் மனைவி சேராள் ஆசேர் கோத்திரத்துப் பெண்.

கல் கறுத்தால் என்ன அர்த்தம் என்று அந்த ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்தக் கோத்திரத்தில் எவனோ பாவம் செய்திருக்கிறான். யோசுவாவின் காலத்தில் இப்படித்தான் ஒருவனைச் சீட்டுப் போட்டுப் பிடித்துக் கல்லெறிந்தார்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். ஆசேர்காரர்கள் எருசலேமில் ஒரே ஒரு சந்தில் இருந்தார்கள். அசீரியப் படைக்கு முன்னால் ஓடிவந்து, செக்குப் போட்டுப் பிழைத்தவர்களின் பிள்ளைகள். சபை கூடியபோது ஒரு கிழவர் மட்டும் எழுந்து, தூரதேசத்தில் இருக்கிற ஆயிரக்கணக்கான ஆசேர்காரர்களுக்கு ஏதாவது ஆகியிருக்கலாமே, கல் துக்கத்தில் கறுத்திருக்கலாமே என்று கேட்டார். அப்படியானால் யாரைக் கல்லெறிவது என்று திருப்பிக் கேட்டார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து எண்ணெய்ச் சந்தில் விளக்குகள் எரிந்தன, வெளிச்சம் மட்டும் வரவில்லை. திரியில் சுடர் நின்றது, தொட்டால் சுட்டது, ஆனால் அதன் கீழே வைத்த ரொட்டி கண்ணுக்குத் தெரியாது. சந்துக்காரர்கள் சுவரைத் தடவி நடக்கப் பழகிக்கொண்டார்கள். கிணற்றடியில் அவர்களுடைய பெண்களுக்கு வழிவிடுவது நின்றுபோயிற்று. வெளிச்சம் தராத எண்ணெயை எவன் வாங்குவான் என்று நியாயமாகத்தான் எல்லாரும் பேசினார்கள். அதே எண்ணெய் மற்ற தெருக்களில் ஜோராக எரிந்தது என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

சேராள் யார் என்பதில் சபைக்குச் சந்தேகம் இருந்தது. கட்டிக்கொடுத்த பெண் புருஷன் கோத்திரமா, அப்பன் கோத்திரமா? சீட்டுப் போடுகிற நாள் நெருங்கியது. நீல அங்கிக்குள் தலையை நுழைத்துக்கொண்டே பிரதான ஆசாரியர் அந்தப் பேச்சை எடுத்தார்.

“உன் பொண்டாட்டி எந்தக் கோத்திரம்டா?”

“கட்டினதிலேருந்து லேவிதான், ஐயா.”

“அது உன் வீட்டுல. சபையில இன்னும் முடிவாகல.” தலை வெளியே வந்தது. “அவ அண்ணன் கோயில் விளக்குக்கு எண்ணெய் ஊத்துறவன்தானே. உன் வீட்டுல உக்காந்து திங்கிறவன். வாய்விட்டு ஏதாச்சும் சொல்லியிருப்பானே. யோசிச்சுப் பாரு. அவ லேவியா இருக்கிறதுல எங்களுக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல.”

யோசிக்க அதிகம் இருக்கவில்லை. கோயில் விளக்குக்கு இடித்தெடுத்த முதல் எண்ணெய்தான் ஊற்றவேண்டும், செக்கில் பிழிந்த இரண்டாவது எண்ணெய் சமையலுக்கு. அறுவடைப் பண்டிகையில் சேராளின் அண்ணன் மல்கியேல் அவர்கள் வீட்டில் சாப்பிட வந்திருந்தான். ரொட்டியை எண்ணெயில் தோய்த்துக்கொண்டே, “விளக்கு என்ன குடிச்சுப் பாத்தா சொல்லப்போகுது, மாப்ளே? ரெண்டாம் பிழிவை ஊத்தினாலும் எரியத்தான் போகுது” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சேராள்தான் அதிகம் சிரித்தாள். மல்கியேல் அப்படி ஊற்றுகிறவன் இல்லை, அவன் காய்களை ஒவ்வொன்றாகப் பார்த்து இடிக்கிறவன் என்று எலியாசாப்புக்கு நன்றாகத் தெரியும். சபையில் அவன் வார்த்தை பிசகாமல் அதை அப்படியே சொன்னான். சிரிப்பை மட்டும் விட்டுவிட்டான்.

மல்கியேலை முதுகில் அடித்து அனுப்பிவிடுவார்கள் என்று அவன் நினைத்தது உண்மை. எண்ணெய் மாற்றி ஊற்றியவனைக் கொல்லவேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் எண்ணெய்ச் சந்துக்கு எதிரில் கடை வைத்திருந்தவன் தானும் அதைக் கேட்டதாக இரண்டாவது சாட்சி சொன்னான். பிரதான ஆசாரியர் பதக்கத்தின் பைக்குள் கையைவிட்டு, தேவனின் தீர்ப்பைச் சொல்லும் ஊரீம், தும்மீம் என்ற சீட்டுக் கற்களில் ஒன்றை எடுத்தார். அது மல்கியேலின் பேருக்கு வந்தது. சேராள் லேவி என்று அதே மூச்சில் தீர்மானம் ஆயிற்று. எலியாசாப் வீட்டுக்குப் போக எழுந்தான். அப்போதுதான் அவனைத் தோளில் தட்டி, சாட்சி சொன்னவன் கைதான் முதல் கல் போடவேண்டும் என்று ஞாபகப்படுத்தினார்கள். அந்த விதியைச் சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்தவன்தான் அவன். அது தன்னையும் சேர்த்துத்தான் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

ஆசாரியக் குடும்பத்தான் பிணத்தின் பக்கம் போகக்கூடாது என்பதால், நகர வாசலுக்கு வெளியே அவனுக்கென்று தள்ளி ஒரு இடம் கோடு போட்டுக் கொடுத்தார்கள். மல்கியேல் அவனைப் பார்த்தான். அழவும் இல்லை, சபிக்கவும் இல்லை.

“மாப்ளே, அந்த விரல் இல்லாத கையால எறியாதே. குறி தப்பும். தப்பினா நோவு எனக்குத்தான்.”

எலியாசாப் இடதுகையால் எறிந்தான். நன்றாகக் குறி பார்த்துத்தான் எறிந்தான். வீட்டுக்கு வந்து அதை மனைவியிடம் சொன்னபோது, அவளுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்கிறோம் என்றே அந்த மனுஷன் நம்பினான்.

மறுநாள் காலை பெட்டியைத் திறந்தான். படிகப்பச்சை கரியாகவே இருந்தது. மூன்றாவது கல்லான லேவி கோத்திரத்தின் மாணிக்கமும் அதே கரியாகியிருந்தது. பிரதான ஆசாரியர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, மாணிக்கத்தில் கறுப்பு ஜாதி ஒன்று உண்டு, நீ சரியாகப் பார்த்ததில்லை என்றார். அன்றைக்கே சபை கூடியது. சீட்டு என்ற பேச்சே எழவில்லை. லேவிக்குத் தேசத்தில் நிலம் இல்லை, ஆகையால் அதன் கல்லுக்கு நிறமும் இல்லை என்று முடிவாயிற்று. கேட்டவர்களுக்கு அது அழகாகவே இருந்தது. கையோடு ஆசேரின் கல்லையும் பேசி முடித்தார்கள். அந்தக் கோத்திரம் எண்ணெயில் முங்கியது, எண்ணெய் குடித்த கல் கறுக்கத்தான் செய்யும். இரண்டும் ஆதியிலிருந்தே கறுப்பு.

சேராள் சாம்பலில் உட்கார்ந்திருந்தாள். ஆசேர்காரனுக்காக லேவிப் பெண் துக்கம் காக்கவேண்டியதில்லை என்று சொல்ல வந்தவர்களை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. சபையின் தீர்மானத்தை எலியாசாப் சொன்னதும் கேட்டாள்.

“கறுப்பா இருந்தாலும் குத்தமில்லேன்னு இன்னிக்குச் சொல்றாங்க. இதையே நேத்து சொல்லியிருந்தா என்னங்க?”

“நேத்து லேவியோட கல்லு எரிஞ்சுக்கிட்டிருந்துச்சே, சேராள்” என்றான் அவன். அதைவிட உண்மையான பதில் அவனிடம் இல்லை.

அவள் எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எண்ணெய்ச் சந்துக்குப் போய்விட்டாள். அண்ணனின் செக்கில் காய் இடித்து, தடவித் தடவி நடந்து, வெளிச்சம் இல்லாத விளக்கின் பக்கத்தில் பல வருஷம் வாழ்ந்தாள். எலியாசாப் சந்து முனைவரை போவான். உள்ளே இருட்டில் இடிக்கிற சத்தம் கேட்கும். கூப்பிட்டால் சத்தம் நின்றுவிடும். அவளைக் காப்பாற்றத்தானே செய்தேன் என்று இருட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் திரும்புவான். ஒரு மழைக்காலத்தில் அவள் செத்துப்போனாள். சொந்த மனைவியின் பிணத்துக்கு ஆசாரியன் போகலாம் என்ற விதிவிலக்கு உண்டு. அவன் போய்க் கேட்டான். இத்தனை வருஷம் அந்தச் சந்தில் இருந்தவள் ஆசேர்தான் என்று சபை தீர்மானித்தது. அவனைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். நின்றான்.

மறுநாள் பெட்டியைத் திறந்தபோது படிகப்பச்சை எரிந்துகொண்டிருந்தது. அறையின் சுவரெல்லாம் எண்ணெய் நிறமாயிற்று. எலியாசாப் அதன் முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். அப்போது புதிதாக வந்திருந்த பிரதான ஆசாரியர், ஆசேரின் கல் கறுப்பு என்று படித்து வளர்ந்தவர், இதென்ன வம்பு என்று கோபித்துக்கொண்டார். எலியாசாப் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பிலிருந்து கரி எடுத்துவந்து கல்லின்மேல் அழுத்தித் தேய்த்தான். ராத்திரிக்குள் அது கரியை எரித்துத் தீர்த்துவிடும், அதனால் தினமும் காலையில் தேய்க்கவேண்டியிருந்தது. உடுப்பறை வேலைகளில் அதுவும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது, அவனுக்குப் பிறகு வந்தவர்களும் செய்தார்கள்.