பரு இல்லாத படம்

என் அக்காவுக்கு வெட்கம் என்பதே கிடையாது. பிறக்கும்போது அந்தப் பங்கையும் எனக்கே விட்டுவிட்டு வந்தாளோ என்னவோ.

போன வாரம் அவள் வீட்டுக்குப் போனேன். வரவேற்பறைச் சுவரில் கதவளவுக்கு ஒரு விளம்பரம். இடது பக்கம் அவள் மகள், முகம் முழுக்கப் பரு. வலது பக்கம் அதே மகள், உரித்த முட்டை மாதிரி. நடுவில் ஒரு மாத்திரைப் புட்டி. கீழே 'மூன்றே மாதத்தில்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வலது பக்கப் படத்தைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அது என் கைவேலை.

ஸ்டூடியோவில் படங்களைத் திருத்துகிற வேலை எனக்கு. பதினான்கு வருஷமாக அதே நாற்காலி, அதே முதுகுவலி. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மச்சமும் தழும்பும் ஆளுக்குச் சொந்தம், தொடக்கூடாது. பரு வந்துபோகிற விருந்தாளி, கேட்காமலே அனுப்பிவிட வேண்டும். 'என் பருவைக் காணோமே' என்று இதுவரை யாரும் வந்து சண்டை போட்டதில்லை. கல்லூரி அடையாள அட்டைக்கு அக்கா மகளைப் படம் எடுத்தபோதும் கை தானாகத்தான் போனது. கண்ணுக்குக் கீழே இருந்த மச்சத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் துடைத்தேன். அதைத்தான் இந்த மகராசி மாத்திரையின் மகிமை என்று மாட்டி வைத்திருக்கிறாள்.

மாத்திரைக்குள் இருப்பது ஈவினிங் பிரிம்ரோஸ் என்ற செடியின் விதை எண்ணெய். சருமம் பளபளக்கும், ஹார்மோன் சீராகும் என்று வீடு வீடாக ஏறி விற்கிறாள். எண்ணெயோடு எனக்கு ஒரு பகையும் இல்லை, விற்கிறவளோடுதான். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு ஐந்து மாதமாக மாதவிலக்கு வரவில்லை. தாடையில் முடி முளைக்கிறது, தலையில் கொட்டுகிறது. டாக்டரிடம் கூட்டிப்போ என்று நான் தலையில் அடித்துக்கொள்ளாத நாளில்லை.

"அது நான் திருத்தின படம். கழட்டு," என்றேன்.

"யாரு வந்து கேக்கப் போறாங்க? நீ வாயை மூடிக்கிட்டு இருந்தா போதும்."

"சரி, அவளை டாக்டர்கிட்டயாவது கூட்டிட்டுப் போ."

"கிளினிக்ல யாராவது பாத்தா? சொந்தப் பொண்ணுக்கே கேக்கலன்னு சொல்ல மாட்டாங்க? இன்னும் ரெண்டு புட்டி முடியட்டும். எண்ணெய் மெதுவாத்தான் வேலை செய்யும்."

"அவ உன் பொண்ணு. போர்டு இல்ல."

"பெத்தவளுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிருச்சு? நீ ஒண்ணு பெத்துட்டு வந்து பேசு."

அந்த வார்த்தையோடு அவள்மேல் எனக்கிருந்த கொஞ்சநஞ்ச ஈரமும் வற்றிப்போயிற்று.

சனிக்கிழமை காலையில் அவள் வீட்டில் கூட்டம் என்று தெரியும். கூட்டமென்றால் ஏழெட்டுப் பெண்கள், ஆளுக்கொரு டீ, அக்காவின் பிரசங்கம். அந்த நேரத்தில் மகள் உள்ளறையை விட்டு வெளியே வரக்கூடாது. வந்தால் வியாபாரம் படுத்துவிடுமே. நான் அழைக்காமலே போனேன். திருத்தாத மூலப்படத்தைப் பெரிதாக அச்சிட்டு எடுத்துப் போயிருந்தேன். அதைச் சுவரில் இருந்த வலது பக்கத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.

"நல்லா பாருங்க. ரெண்டும் ஒரே படம். அதே சட்டை, அதே மச்சம். இது நான் எடுத்தது. அது நான் துடைச்சது."

முன்வரிசையில் இருந்த பக்கத்து வீட்டு டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "அப்போ மூணு மாசம்னு போட்டிருக்கே?"

"மூணு மாசமெல்லாம் இல்லைங்க. இருபது நிமிஷம்."

"வயித்தெரிச்சல்," என்றாள் அக்கா. சிரிக்கப் பார்த்தாள், வாய் கோணியது. "சின்ன வயசுலேர்ந்தே என்னைப் பாத்துப் பொருமுறவ. இவ பேச்சை நம்பாதீங்க."

டீச்சர் கையிலிருந்த புட்டியை மேசையில் வைத்தார். இரண்டு பேர் செருப்பைத் தேடினார்கள். பொய் சொல்வானேன், எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

அப்போதுதான் உள்ளறைக் கதவு திறந்தது. அக்கா மகள் நேராக வந்து என் கையிலிருந்த படத்தைப் பார்த்தாள்.

"இதுதான் அன்னைக்கு எடுத்ததா சித்தி?"

"ஆமா கண்ணு. உங்கம்மா உன்னை வச்சு ஊரை ஏமாத்துறா, பாத்துக்கிட்டு சும்மா இருக்கச் சொல்றியா?"

"அன்னைக்கே உங்ககிட்ட கேட்டேன். எப்படி இவ்வளவு நல்லா வந்திருக்கேன்னு. நீ இப்படித்தான் இருக்கே, உனக்குத்தான் தெரியலன்னு சொன்னீங்க."

சொன்னேன்தான். பிள்ளை முகம் வாடிவிடக் கூடாதே என்று சொன்னேன். அடுத்த நிமிஷமே மறந்தும் போனேன்.

"நான் நம்பிட்டேன்," என்றாள். குரலில் அழுகை இல்லை, அதுதான் என்னைக் கொன்றது. "கண்ணாடிலதான் ஏதோ கோளாறுன்னு நினைச்சேன். மாத்திரை கேக்குதுன்னு ஒண்ணை ரெண்டாக்கினேன். அப்புறம் நாலு. அம்மா முதல்ல டாக்டர்கிட்ட போலாம்னுதான் சொன்னாங்க. நான்தான் அந்தப் படத்தைக் காட்டி வேண்டாம்னேன். அதுக்கப்புறம்தான் அம்மா அதை எடுத்து மாட்டினாங்க."

அக்கா மறுக்கவில்லை.

"வா, இப்பவே போலாம்," என்று அவள் கையைப் பிடித்தேன்.

அவள் கையை உருவிக்கொண்டாள். "நீங்க வேண்டாம் சித்தி. அம்மாவும் வேண்டாம்." பிறகு திரும்பி, "டீச்சர், உங்களுக்குத் தெரிஞ்ச லேடி டாக்டர் யாராவது இருக்காங்களா?" என்று கேட்டாள்.

டீச்சர் மறுபேச்சுப் பேசாமல் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். இருவரும் படியிறங்கிப் போனார்கள். மற்ற பெண்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

"உன்னாலதான்," என்றாள் அக்கா.

எதற்கெடுத்தாலும் அவளுக்குப் பதிலுக்குப் பதில் கொடுக்கிறவள் நான். அன்று கையிலிருந்த படத்தைச் சுருட்டிக்கொண்டு படியிறங்கினேன்.